படத்திலே நாம் எங்கே?

சினிமாவைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரு வகையினர். ஒரு சாரார் அதனை ஒழுக்கக் கேட்டின் ஊற்று என்று முகஞ்சுளிப்பர். மற்றொரு சாரார் நடிகரின் பிறந்தநாளைக் கணக்கிட்டு மகிழ்வர். நாம் இவ்விரு சாராரையும் சேர்ந்தவரல்லேம். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணி நாம். இன்று வேலைக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்று பெயர் பார்த்துக் குறி இடுவதே நம் தொழில். அத்தொழில் பழக்கத்தோடு சில படங்களைப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

சென்ற சனி, ஞாயிறு இரு நாளும் ஜார்ஜ்டவுன் வீட்டை விட்டு நாம் வெளியே செல்லவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து ஆறு படங்களைப் பார்த்தோம். 1949இல் வெளிவந்த ‘வேலைக்காரி’, 1952இன் ‘பராசக்தி’, 1955இன் மலாய்ப் படமாகிய ‘பெனாரிக் பேச்சா’, 1973இன் ‘உலகம் சுற்றும் வாலிபன்’, 2013இன் ‘பரதேசி’, 2015இல் நம் நாட்டிலேயே எடுக்கப்பெற்ற ‘ஜகாட்’ ஆகியவை அவை. இரண்டு நாளில் ஆறு படம் என்பது மிகை என்றனர் வீட்டார். மிகைதான். ஆயினும் அறுபது எழுபது ஆண்டுகளில் வந்த படங்களை ஒருசேரப் பார்க்கும்பொழுது, தனித்தனியே பார்க்கையில் புலனாகாத ஒன்று புலனாயிற்று.

அதனைக் கூறுமுன், படம் நம் வீட்டிற்குள் நுழைந்த வரலாற்றைச் சிறிது நினைவூட்டுவது பொருந்தும். முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931 அக்டோபரில் வெளிவந்தது. ஒலிப்பதிவுக் கூடம் சென்னையில் அப்பொழுது இல்லை. 1934இல்தான் அங்கே ஒன்று அமைந்தது. அதுவரையில் தமிழ் பேசிய படங்கள் பெரும்பாலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பிறந்தவையே. அப்படங்கள் கப்பலேறி மலாயாவுக்கு வந்தன. நகரத்தார் கொட்டகையிலே நாற்காலியில் அமர்ந்து பார்த்தனர். தோட்டத்தாருக்கோ, திடலில் இரு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணியைக் கட்டி, இருட்டிய பின்னர் ஓட்டிக் காட்டும் படமே படம். துணிக்கு முன்புறம் இடமில்லாதவர் பின்புறம் அமர்ந்து பார்த்தனர். அவர்களுக்குக் கதாநாயகன் இடக்கையால் வாள் சுழற்றுவான்; எழுத்துகள் தலைகீழாய்த் தெரியாவிடினும் இடவலமாய்த் தெரியும். 1963 டிசம்பரில் இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1978இல் அதற்கு நிறம் வந்தது. தமிழ்ப் படம் போடும் நாளில், பெட்டி உள்ள வீட்டு வாசலிலே லயம் முழுவதும் கூடிவிடும். பின்னர் ஒளிநாடா வந்தது, வட்டு வந்தது, 1996இல் வானிலிருந்து பொழியும் ஆஸ்ட்ரோ வந்தது. இன்று கைத்தொலைபேசி ஒன்றிருந்தால் ஒருவன் தன் பாயிலே படுத்துக்கொண்டு ‘பராசக்தி’யைப் பார்க்கலாம், வேண்டாத இடத்தைத் தள்ளலாம், வேண்டிய இடத்தை மீட்டும் கேட்கலாம். கூட்டத்தோடு பார்க்கையில் கைதட்டல் சிந்தனையை இழுத்துச் சென்றுவிடும். வீட்டிலே அந்த ஆபத்து இல்லை.

மற்றொன்றும் நினைவிலிருத்தற்குரியது. சென்னைப் படவணிகர் கடல்கடந்த நாடுகளுக்கான உரிமையை ‘எஃப்.எம்.எஸ்.’ என்று மூன்று எழுத்தால் குறிப்பது வழக்கம். நம் பாட்டனார் காலத்திலே பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்னும் நான்கும் சேர்ந்த ஐக்கிய மலாய் மாநிலங்களை ஆங்கிலேயர் அம்மூன்று எழுத்தால்தான் குறித்தனர். 1896இல் அமைந்து 1946இல் மறைந்த ஆட்சி அது. (பினாங்கு அதில் சேர்ந்ததன்று என்பதைப் பினாங்குக்காரர் என்ற முறையில் இங்கே பதிவு செய்துகொள்கிறோம்.) பால்மரம் வெட்டியவன் கொட்டகை வாயிலில் கொடுத்த காசும் சென்னைப் படமுதலாளியின் கணக்கிலே ஒரு பத்தியாக ஏறிக்கொண்டே இருந்தது. அவன் காசு படத்திற்குள் சென்றது, அவன் சென்றானா? நாம் பார்க்க விரும்பியது இதுவே.

‘வேலைக்காரி’ முதலில். அறிஞர் அண்ணாவின் நாடகம், ஏ.எஸ்.ஏ. சாமியின் இயக்கம், ஜூபிடர் நிறுவனத்தின் தயாரிப்பு. கடன்பட்டுத் தூக்கிலிட்டுக்கொண்ட தந்தை, பழிவாங்கத் துடிக்கும் மகன், வட்டிக்கு வட்டி வாங்கும் வேதாசல முதலியார் என்னும் கதையை அறியாதார் நம்மில் குறைவு. கே.ஆர். ராமசாமி காளியின் முன் நின்று முறையிட்டுப் பின் சீறும் இடம் இன்றும் நிமிர்ந்து உட்காரச் செய்கிறது. மேடைப்பேச்சு மிகுதி என்பர் சிலர். மேடையும் பள்ளியும் மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு முக்கால் ரூபாயில் மேடைப்பேச்சு கிடைத்தால் அதனைக் குறையென்று சொல்வானேன்? நம் குறை வேறு. வேலைக்காரி அமிர்தத்தை முதலாளி மகன் மூர்த்தி காதலிக்கிறான். மிக நன்று. ஆனால் அவர்கள் மணம் எப்பொழுது நிறைவேறுகிறது? அமிர்தம் வேறோர் ஊரில் செல்வர் வீட்டு மகளாக ஏற்கப்பட்டு, வேறு பெயரும் பெற்று, பட்டுடுத்தி நின்ற பின்னரே. ஜாதியையும் பணத்திமிரையும் நேர்நின்று தாக்கிய அத்துணைத் துணிவுள்ள படமும், வேலைக்காரியை வேலைக்காரியாகவே மணவறைக்கு அழைத்து வரச் சிறிது தயங்கிற்று. அக்காலத்தில் அவ்வளவு தூரம் சென்றதே பெரிது என்பதையும் மறுக்கோம்.

‘பராசக்தி’யே நம்மை நெடுநேரம் பிடித்து வைத்தது. கலைஞர் கருணாநிதியின் வசனம், கிருஷ்ணன்–பஞ்சுவின் இயக்கம், சிவாஜி கணேசனின் முதல் படம், 1952 தீபாவளி வெளியீடு ஆகிய செய்திகளைப் பள்ளிச் சிறுவனும் சொல்வான். நாம் சொல்ல வந்தது, அது கடல்கடந்த தமிழரின் கதை என்பதை. வழக்குமன்றக் காட்சியின் முழக்கத்தில் இதனைப் பலர் மறந்துவிட்டனர். அண்ணன் தம்பி மூவரும் வாழ்வது இரங்கூனில். தந்தையும் தங்கை கல்யாணியும் மதுரையில். தங்கை திருமணத்திற்குச் செல்ல வேண்டும், உலகப்போர் மூண்டிருக்கிறது, ஒருவருக்குத்தான் கப்பலில் இடம். இளையவன் குணசேகரன் புறப்படுகிறான். கப்பல் உரிய நாளில் சேரவில்லை. திருமணம் அவனின்றியே நடந்து முடிகிறது. சென்னையில் இறங்கியவன் கைப்பொருளை வஞ்சகர்பால் இழந்து, பைத்தியக்காரனாய் நடித்து வயிறு வளர்க்கிறான். நடு அண்ணன் ஞானசேகரனோ பர்மாவிலிருந்து வந்த வழியிலே குண்டுவீச்சில் காலிழந்து, பிச்சைக்காரர்களோடு பிச்சைக்காரனாகிறான்.

இது புனைவு மட்டுமா? 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபொழுது இலட்சக்கணக்கான இந்தியர் காட்டுவழியே கால்நடையாய் அஸாமை நோக்கி நடந்தனர். பசியாலும் காய்ச்சலாலும் வழியிலே மாண்டவர் பல்லாயிரவர். தமிழ்நாட்டுத் திரை அத்துயரைப் பத்தாண்டிற்குள் ஒரு காலிழந்த மனிதனாகவேனும் நினைவுகூர்ந்தது. அதற்காகப் ‘பராசக்தி’யை வணங்கத் தோன்றுகிறது.

எம் பெரியம்மாள் உடன் அமர்ந்து பார்த்தார். செபெராங் பிறையில் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர், எழுபதைக் கடந்தவர். சிறுமியாய் இருந்தபொழுது தோட்டத்துத் திடலில், துணிக்குப் பின்புறம் அமர்ந்து இதே படத்தைப் பார்த்தவராம். கல்யாணி குழந்தையை ஆற்றில் எறியும் இடத்தில் நம் வீட்டுப் பெண்டிர் கண்ணீர் விட்டனர், பெரியம்மாள் விடவில்லை. “தம்பி, அந்தப் பெண்ணுக்காவது இரங்கூனிலே மூன்று அண்ணன்மார் இருந்தார்கள். கடைசியிலே வந்தும் சேர்ந்தார்கள். என் தாய்மாமனைச் சயாமுக்குக் கொண்டுபோனார்களே, அவரை எந்தப் படத்திலே காட்டினார்கள்?” என்றார்.

நம்மால் விடை கூற இயலவில்லை. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942இலும் 1943இலும் அமைத்த ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இரயில்பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். திரும்பாதவர் எண்ணற்றவர். வெள்ளைக்காரக் கைதிகளின் துயரைச் சொல்ல 1957இலேயே ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படம் வந்து உலகமெல்லாம் ஓடிற்று. அதிலே தமிழ்க் கூலியைத் தேடினால் காணக் கிடைப்பதில்லை. சென்னையும் அவனைத் தேடவில்லை. அவனுக்காக எழுந்தது எழுத்துதான். ஆர். சண்முகம் 1993இல் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலைத் தந்தார். ஐம்பது ஆண்டு கழித்து வந்த நினைவு அது. நினைவில் வைத்திருந்தவர் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டனர்.

காரணம் என்ன? இரங்கூன் அண்ணன் நீதிபதியாகத் தக்கவன், சட்டை அணிந்தவன், கையில் பணம் உடையவன். அவன் தாயகம் திரும்புகிறான். ஆகவே கதையும் அவனோடு திரும்புகிறது. தோட்டத் தொழிலாளி அங்ஙனம் திரும்பியவனல்லன். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, ஜெரஜாக் தீவிலே நோய்த்தடுப்புக் காவலில் கிடந்து, பினாங்குத் துறை வழியே இறங்கி, கங்காணியின் பின்னே லயத்திற்குள் நுழைந்தவன் அவன். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. உதவிக் கப்பற்கட்டணத்தில் ஆள் அனுப்புவதை 1938இல் இந்திய அரசாங்கம் நிறுத்திற்று. அதன் பின்னர் இங்கே இருந்தவர் பலர் இங்கேயே இருந்தனர். திரும்பி வராதவனுக்கு ஊரிலே கதை இல்லை போலும்! சென்னைத் திரைக்குக் கடல்கடந்தவன் ஒரு பணப்பை. அப்பை தொலைந்தால் ஒரு துயரக் கதை. அவ்வளவே.

சனி இரவில் பார்த்த ‘பெனாரிக் பேச்சா’வைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். பி. ராம்லி நம் ஊர்ப் பிள்ளை. 1929இல் இங்கே பிறந்தவர். அவர் பிறந்த இல்லம் இன்று காட்சியகமாய் இருக்கிறது. 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடக் கேட்டுச் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்ற பி.எஸ். ராஜ்ஹான்ஸ் இந்தியர். 1950இல் ‘பக்தி’ என்னும் படத்தில் அவரைக் கதாநாயகனாக்கிய எல். கிருஷ்ணன் மலாயாவில் வளர்ந்த தமிழர். ‘பெனாரிக் பேச்சா’ ராம்லியே முதன்முதல் இயக்கியது. மூன்று சக்கர வண்டி மிதிக்கும் ஏழை, செல்வர் மகளை விரும்புகிறான். ‘வேலைக்காரி’யோடு ஒப்பிட்டால் வசனம் குறைவு, மழையும் வண்டிச் சக்கரமும் மிகுதி. ஒன்று மட்டும் கவனித்தோம்: இங்கே ஏழை செல்வர் வீட்டு மகனாக மாற்றப்படாமலே பெண்ணைப் பெறுகிறான். மலாய்த் திரைக்கு இந்தியர் இத்துணை உழைத்தும், அவ்வுழைப்பிலே தோட்டத்துத் தமிழனின் கதை பிறக்கவில்லை என்பதை ஒரு வியப்பாகக் குறித்து மேலே செல்கிறோம். முதல் போட்டவர் கேட்டது மலாய்ப் படம், கேட்டதைக் கொடுத்தனர்.

‘உலகம் சுற்றும் வாலிப’னில் எம்.ஜி.ஆர். ஜப்பானுக்கும் ஹாங்காங்குக்கும் சயாமுக்கும் சிங்கப்பூருக்கும் நம் நாட்டுக்கும் வந்து போகிறார். பாட்டு இனிமை, பிள்ளைகள் எழுந்து ஆடினர். சயாமிலே நடக்கும் காட்சிகளின்போது பெரியம்மாள் எழுந்து சமையற்கட்டிற்குச் சென்றுவிட்டார். நாம் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ‘பரதேசி’. மலைத்தோட்டக் கூலிகளை முதன்மையாய் வைத்துப் பாலா எடுத்த படம். பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலைத் தழுவியது. அந்நாவல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழிலும் வந்துள்ளது. களம் தமிழ்நாட்டுத் தேயிலை மலை. ஆயினும் கங்காணி ஊருக்குள் வந்து ஆசை காட்டுவதும், முன்பணம் கடனாய்க் கழுத்தைச் சுற்றுவதும், பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதும் நம் பாட்டன்மார் பட்டவையே. நெடுவழி நடக்கையில் விழுந்தவனை விட்டுவிட்டுக் கூட்டம் நகரும் காட்சியை எளிதில் மறக்க முடியாது. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும் காட்சியோ எமக்குக் கூர்மையாய்த் தைத்தது. கடனைப் பேரேட்டிலே பற்று வைத்தவன் துரை அல்லன். எம் போன்ற ஒரு கிராணிதான்! ஆங்கிலம் படித்த தமிழன் தமிழனின் கடனை ஆங்கிலத்தில் எழுதிய வரலாறும் தோட்ட வரலாற்றின் ஒரு பக்கமே. ஆனால் இப்படத்தின்மேல் நமக்கு ஒரு வழக்கு உண்டு. டேனியல் தோட்டங்களிலே மருத்துவராய்ப் பணிபுரிந்து, தொழிலாளர் பக்கம் நின்றவர், கிறிஸ்தவர். அவர் நாவலிலிருந்து எடுத்த படத்தில், மருத்துவனை ஆடிப்பாடி மதம் மாற்ற வந்த வேடிக்கை மனிதனாகக் காட்டியது நன்றியின்மை. மதவெறியைக் கண்டிக்க வேறு இடமா இல்லை?

‘ஜகாட்’டைக் கடைசிக்கு வைத்திருந்தோம். பேராக்கைச் சேர்ந்த சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது. ‘ஜஹாட்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கெட்டவன் என்பது பொருள். நம்மவர் வாயிலே அது ‘ஜகாட்’ ஆயிற்று. 1990களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறியவர் குடிசைப் பகுதியிலே வாழ்கின்றனர். அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் கூர்த்த அறிவுடையவன், பள்ளியோ அவனைக் கண்டுகொள்ளவில்லை, தந்தை அடிக்கிறார், சிற்றப்பன்மாருள் ஒருவன் அடியாட்களோடு திரிகிறான், மற்றவன் போதையிலிருந்து மீளப் போராடுகிறான். கதை இவ்வளவே. பறந்து பறந்து அடிக்கும் கதாநாயகன் இல்லை. நாம் வியந்தது பேச்சை. நம் வீட்டுப் பேச்சு, நம் கடைத்தெருப் பேச்சு, மலாயும் சீனமும் இடையிலே கலந்த நம் தமிழ் திரையிலிருந்து வருகிறது. இலக்கணத் தமிழில் எழுதும் நாம் இதனைப் புகழ்வது சிலருக்கு முரணாய்த் தோன்றலாம். மன்றத்திலே பேச ஒரு தமிழ் வேண்டும். மகனை அழைக்க ஒரு தமிழ் வேண்டும். அமிர்தமும் கல்யாணியும் பேசியது முன்னதை. அப்போய் பேசுவது பின்னதை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாற்றப்பட்டும் போனபொழுது, லயமும் கோவிலும் பள்ளியும் திடலும் ஒருங்கே போயின. தலைமுறையாய்ப் பால்வாளி சுமந்தவன் கையில் சிறிது பணத்தோடு நகரத்து ஓரத்தில் வந்து நின்றான். அவன் மகன் என்ன ஆனான் என்று கேட்கும் படம் இது. 2016இல் வந்த ‘கபாலி’யும் அவ்வினாவைத் தொட்டது. தோட்டத்திலே சமக் கூலி கேட்டவன் கூட்டத் தலைவனாகிக் கோட்டு அணிந்து அமர்வதை ரஜினிகாந்தைக் கொண்டு பா. ரஞ்சித் காட்டினார்; சென்னையிலிருந்து ஒருவர் நம்மைத் தேடி வந்தாரே என்று மகிழ்ந்தோம். ஆனால் கபாலி சுடுகிறான். அப்போய் பள்ளிக்கூடத்தில் அடி வாங்குகிறான். நம் பிள்ளைகள் பெரும்பாலோர் கண்டது இரண்டாவதை. இந்நாட்டிலே காட்டப்பட்ட ‘கபாலி’யில் நாயகன் காவலரிடம் சரணடைந்தான் என்று முடிவு மாற்றப்பட்டதும் நினைவிருக்கலாம். சட்டம் காப்பாற்றப்பட்டது! அப்போய்க்கு அத்தகைய முடிவு எதையும் யாரும் சேர்க்கவில்லை.

‘ஜகாட்’டுக்கு நேர்ந்த ஒரு சோதனையையும் எழுதி வைத்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அமையாத படங்களைத் தனி வகையாகப் பிரித்தனர். இந்நாட்டு மண்ணிலே, இந்நாட்டுக் குடிகள், இந்நாட்டு வாழ்வைப் பற்றி எடுத்த படம், மொழியால் வேறாகிவிட்டது. எதிர்ப்பு எழுந்தது. முகமது நோர் காசிம் என்னும் மலாய் ஒளிப்பதிவாளர் தாம் பெற்ற பரிசுகளைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். தமிழன் ஒருவன் பேசியிருந்தால் அது தன்னலம் எனப்பட்டிருக்கும். அவர் பேசியதால் நியாயம் எனப்பட்டது. அவரை நன்றியோடு நினைக்கிறோம். விதி திருத்தப்பட்டது. ‘ஜகாட்’ சிறந்த மலேசியப் படம் என்னும் பரிசைப் பெற்றது.

படம் முடிந்ததும் பெரியம்மாள், “இந்தப் பையனைப்போல் நம் லயத்திலே நான்கு பேர் இருந்தார்கள்” என்று சொல்லி, நால்வரின் பெயரையும் சொன்னார். இருவர் இப்பொழுது இல்லை. ஒருவன் பட்டர்வர்த்தில் லாரி ஓட்டுகிறான். நாலாமவனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

திங்களன்று காலை தோட்டத்திற்குத் திரும்பினோம். இப்பொழுது அங்கே இரப்பர் இல்லை, செம்பனை. நம் செக்ரோலில் தமிழ்ப் பெயர் பதினொன்று, மற்றவை வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும். பகல் உணவு வேளையில் வங்காளதேசத்து இளைஞன் ஒருவன் மரத்தடியில் தொலைபேசியிலே படம் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன கதை என்று மலாயில் வினவினோம். வெளிநாட்டில் வேலை செய்யும் அண்ணன், ஊரிலே தங்கைக்குத் திருமணம், பணம் அனுப்ப வேண்டும் என்றான். அண்ணன் செய்யும் வேலை என்ன என்று கேட்டோம். படத்தில் அதைக் காட்டவில்லை என்றான்.